காரணம் சொல்லாத கதவு: வளாக வலையமைப்பின் உள்நுழைவு வரலாறும் வழிகாட்டித் தாள்களும்

(நீண்ட பதிவு. வளாக இணையம், நூலக அணுகல், உயர்கல்வி வரலாறு ஆகியவற்றில் ஈடுபாடுடைய மாணவ நண்பர்களையும் பேராசிரியர்களையும் கருதி எழுதப்பட்டது.)

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் ஹைதராபாத்தின் உயர்கல்வி வளாகங்களுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் புதிய மாணவர்கள் வந்து சேர்கின்றனர். அவர்கள் கையில் மூன்று திறவுகோல்கள் தரப்படுகின்றன: விடுதி அறைச் சாவி, நூலக அட்டை, வலையமைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும். சாவி திரும்பவில்லையெனில் பூட்டைக் கழற்றிப் பார்க்கலாம். நூலக அட்டை செல்லாதெனில், எதிரே அமர்ந்திருப்பவர் ஏன் செல்லாது என்று சொல்வார். மூன்றாவது திறவுகோல் பயன்படாதபோது மட்டும் திரையில் ‘இணைக்க இயலவில்லை’ என்ற ஒற்றை வரி தோன்றும்; அதற்கு மேல் எதுவும் கிடைக்காது. கடவுச்சொல் தவறா, கணக்கு இன்னும் திறக்கப்படவில்லையா, கைபேசியின் அமைப்பு பிழையா, வழங்கியே செயலிழந்துள்ளதா என்று அறிய வழியில்லை. மாணவர் தம்மையே ஐயுறத் தொடங்குகிறார்.

இந்த மௌனத்துக்கு அறுபது ஆண்டுக்கால வரலாறு உண்டு. அது தற்செயலாக நேர்ந்ததன்று. தக்க காரணங்களுடன் வடிவமைக்கப்பட்டது. ஆனால் கதவு பேசாதெனில் கதவருகே ஒட்டப்பட்ட தாளாவது பேச வேண்டும். வலையமைப்பு அடையாளச் சரிபார்ப்பின் வரலாற்றில் கதவு மேன்மேலும் நுட்பமாகிக்கொண்டே வந்தது. தாள் அதனுடன் வளரவில்லை. இப்பதிவின் வாதம் இதுவே.

1. காவலர் அதே அறையில் இருந்த காலம்

கணிப்பொறியில் கடவுச்சொல்லின் தொடக்கத்தைப் பெரும்பாலும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு அமைப்பில் காண்பர். பெர்னாண்டோ கார்பட்டோவின் தலைமையில் உருவாகி, 1961 நவம்பரில் செயல்விளக்கம் பெற்ற அமைப்பு அது. ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்டதால் ஒவ்வொருவரின் கோப்புகளையும் நேர ஒதுக்கீட்டையும் பிரித்துக் காக்க வேண்டியிருந்தது. அதற்கான எளிய வழியாகக் கடவுச்சொல் வந்தது.

அதனை முதலில் மீறியவர்களுள் ஒருவர் முனைவர் பட்ட ஆய்வாளர் என்பது நம்மில் பலருக்குப் புன்னகை தரக்கூடும். ஆலன் ஷெர் என்பவர் தம் ஆய்வுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், 1962இல் கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். இதனை அவர் வெளியிட்டது பல பத்தாண்டுகளுக்குப் பின்னர்தான்.

இங்குக் கவனிக்க வேண்டியது மீறலை அன்று, சூழலை. கணிப்பொறியும் பயனரும் இயக்குநரும் ஏறத்தாழ ஒரே கட்டடச் சூழலில் இருந்தனர். நுழைவு மறுக்கப்பட்டால் நடந்து சென்று கேட்கலாம். ஆகவே தனியே ஒரு வழிகாட்டித் தாள் தேவைப்படவில்லை. மனிதரே வழிகாட்டியாக இருந்தார்.

2. காவலர் தொலைவுக்குச் சென்றார்

அதே கழகத்தில் 1983இல் ‘அதீனா’ திட்டம் தொடங்கியது. வளாகமெங்கும் பரவிய பணிநிலையங்களை மாணவர்கள் பொதுவில் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். எந்தப் பணிநிலையத்தையும் முழுமையாக நம்ப இயலாது. கம்பிவழிச் செல்லும் கடவுச்சொல்லை எவரும் ஒட்டுக் கேட்கலாம். இச்சிக்கலுக்குத் தீர்வாகப் பிறந்ததே ‘கெர்பரோஸ்’ என்னும் வலையமைப்பு அடையாளச் சரிபார்ப்புச் சேவை. அதனை விவரிக்கும் கட்டுரை 1988இல் வெளிவந்தது. கிரேக்கத் தொன்மத்தில் கீழுலக வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அதற்கு இடப்பட்டது.

கெர்பரோஸ் கடவுச்சொல்லை வலையமைப்பில் அனுப்புவதில்லை. காலவரையுடைய ‘சீட்டு’களை வழங்குகிறது. காலம் என்பது இங்கு முக்கியமாகிறது. பயனரின் கணிப்பொறிக் கடிகாரமும் வழங்கியின் கடிகாரமும் வழக்கமாக ஐந்து நிமிடங்களுக்கு மேல் வேறுபடலாகாது. வேறுபட்டால், கடவுச்சொல் முற்றிலும் சரியாக இருந்தும் நுழைவு மறுக்கப்படும். பழைய சீட்டை எவரும் திருடி மீண்டும் பயன்படுத்தாதிருக்க இவ்விதி தேவை. ஆனால் தம் கடவுச்சொல்லைப் பத்து முறை தட்டெழுதிச் சோர்ந்த ஒருவர், குறை சுவர்க்கடிகாரம் போன்ற எளிய ஒன்றில் இருப்பதை எவ்வாறு ஊகிப்பார்? மறுப்பின் காரணமும் பயனரின் அனுபவமும் முதன்முதலாக இங்கே பிரிந்தன.

தொலைபேசி வழி இணையம் பரவியபோது அடுத்த அடுக்கு வந்தது. அமெரிக்காவின் மெரிட் வலையமைப்பு 1991இல் விடுத்த அழைப்புக்கு லிவிங்ஸ்டன் நிறுவனம் அளித்த விடையே ‘ரேடியஸ்’ நெறிமுறை. 1997இல் ஆர்.எஃப்.சி. 2058 ஆகவும், 2000இல் திருத்தம் பெற்று ஆர்.எஃப்.சி. 2865 ஆகவும் அது பதிவாயிற்று. இதன் உரையாடல் மிகச் சுருக்கமானது. நுழைவாயிற்கருவி கேட்கும்; வழங்கி ‘ஏற்பு’, ‘மறுப்பு’, ‘மேலும் ஒரு வினா’ ஆகிய மூன்றில் ஒன்றைச் சொல்லும். நான்காவதாக ஒன்றுண்டு: மௌனம். தனக்கு அறிமுகமில்லாத கருவி கேட்டால், விடையே தராமல் அக்கோரிக்கையைக் கைவிட வேண்டும் என்பது நெறிமுறையின் விதி. பயனரின் திரையில் ‘இணைகிறது… இணைகிறது…’ என்று நெடுநேரம் சுழன்று பின் அறுந்துபோவதன் பின்னணியில் பல வேளைகளில் இம்மௌனம் இருக்கிறது.

இம்மௌனம் கொடுமையால் விளைந்ததன்று. ‘பயனர் பெயர் சரி, கடவுச்சொல்தான் தவறு’ என்று கதவு சொல்லுமாயின், திருட வந்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே கதவு காரணம் சொல்லாதிருப்பது நியாயமே. அந்நியாயத்தை ஏற்றுக்கொண்டால், காரணத்தை வேறு வழியில் அறிவிக்கும் கடமையும் உடன் வருகிறது. அக்கடமையை நெறிமுறை ஏற்கவில்லை. அது அதன் வேலையும் அன்று. நிறுவனம் ஏற்றதா என்பதே வரலாற்றுக் கேள்வி.

3. ஹைதராபாத்தின் இரண்டு வலையமைப்புகள்

இந்தியாவில் கல்வி வலையமைப்பின் தொடக்கம் 1986இல் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் தொடங்கிய எர்நெட். பம்பாயின் தேசிய மென்பொருள் நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், பம்பாய், டெல்லி, கான்பூர், கரக்பூர், மெட்ராஸ் ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், டெல்லியில் மின்னணுத் துறை என எட்டு நிறுவனங்கள் முதலில் இணைந்தன. அப்பட்டியலில் ஹைதராபாத் இல்லை. 1918இல் தோன்றிய உஸ்மானியாவும், 1974இல் தோன்றிய ஹைதராபாத் பல்கலைக்கழகமும் இந்நகரில் இருந்தும், கல்வி வலையமைப்பு இங்கு வந்தது பின்னரே.

ஆனால் மற்றொரு வலையமைப்பில் இந்நகரே நடுவம் ஆயிற்று. இந்திய ரிசர்வ் வங்கி 1996இல் இங்கு நிறுவிய வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி ஆய்வுக் கழகம், 1999இல் ‘இன்ஃபிநெட்’ என்ற நிதித்துறைக்கான மூடிய வலையமைப்பைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் மின்னணுச் சான்றிதழ் வழங்கும் உரிமத்தையும் அது பெற்றது. ஒரு வங்கி அலுவலர் அனுப்பும் செய்தி உண்மையிலேயே அவருடையதுதானா என்பதை நிறுவும் பொறுப்பின் ஒரு பகுதி இவ்வாறு மாசாப் டாங்க் பகுதியில் அமைந்த ஒரு கழகத்திடம் வந்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. வங்கி வலையமைப்பில் சான்றிதழ் பெறுவது என்பது பதிவு, நேரடிச் சரிபார்ப்பு, பயிற்சி, பொறுப்பலுவலர் என்ற தொடரின் ஓர் உறுப்பு. அங்கு ஒரு நுழைவு தோல்வியுற்றால் பணம் நிற்கும். ஆகவே அதற்குப் பதிலளிக்க ஒருவர் இருப்பார். கல்வி வலையமைப்பில் நுழைவு தோல்வியுற்றால் ஒரு கட்டுரை படிக்கப்படாமற்போகும், ஓர் அத்தியாயம் தாமதமாகும். அதன் விலை எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத இழப்புக்கு அலுவலரும் அமர்த்தப்படுவதில்லை, ஒரு பி.டி.எஃப். கோப்பு வைக்கப்படுகிறது.

4. மதிற்சுவரே கடவுச்சொல்லாக இருந்த காலம்

2002இல் தொடங்கப்பட்ட யூ.ஜி.சி.-இன்ஃபோநெட் வழியாகவும், அதனையடுத்த மின்னிதழ்க் கூட்டமைப்பின் வழியாகவும் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்விதழ்கள் கிடைக்கத் தொடங்கின. காந்திநகரின் இன்ஃப்லிப்நெட் மையம் இதனை நடத்தியது. அணுகல் பெரும்பாலும் ஐ.பி. முகவரியின் அடிப்படையில் அமைந்தது. வளாகத்துக்குள் இருக்கும் கணிப்பொறி எதுவாயினும் பதிப்பகம் கதவைத் திறக்கும். எவருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டியதில்லை. மதிற்சுவருக்குள் நிற்பதே அடையாளம். அது எளிமையான, ஏறத்தாழத் தோல்வியற்ற முறை.

அதன் குறை 2020 மார்ச்சில் வெளிப்பட்டது. பெருந்தொற்றால் விடுதிகள் வெறுமையாயின. வாரங்கல், மகபூப்நகர், ஒடிசா, கேரளம், தமிழகம் என ஆய்வாளர்கள் ஊர் திரும்பினர். மதிற்சுவருக்கு வெளியே வந்த கணத்தில் அவர்கள் ஆய்வாளர்களாக இல்லாமற்போயினர். குறைந்தது பதிப்பகங்களின் வழங்கிகளுக்கு. அவ்வாண்டு ஹைதராபாத் பல்கலைக்கழகம் தன் மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், இணையவழி வகுப்புகளை அணுக இயலும் என்றவர்கள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் மட்டுமே. இணைப்பே அரிதான அந்நிலையில், கிடைத்த சிறிது இணைப்பையும் உள்நுழைவுத் திரையின் முன் செலவிட நேர்ந்தவர்களின் எண்ணிக்கையை எவரும் எடுக்கவில்லை.

தொலைவிலிருந்து நுழைய வேறு வழி உலகில் முன்பே உருவாகியிருந்தது. அமெரிக்காவின் இன்டர்நெட்2 கூட்டமைப்பு 2000இல் தொடங்கி 2003இல் முதற்பதிப்பை வெளியிட்ட ‘ஷிபொலெத்’ மென்பொருள், ஒருவரின் அடையாளத்தை அவருடைய நிறுவனமே உறுதிசெய்து பதிப்பகத்துக்குத் தெரிவிக்கும் கூட்டமைப்பு முறையைத் தந்தது. இன்ஃப்லிப்நெட்டின் ‘இன்ஃபெட்’ அம்மரபைச் சேர்ந்தது.

ஷிபொலெத் என்ற பெயரின் வரலாறு சிந்திக்கத்தக்கது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில், யோர்தான் ஆற்றுத்துறையைக் கடக்க வந்தவர்களிடம் அச்சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். ‘ஷ’ ஒலியை ‘ஸ’ என்று உச்சரித்த எப்பிராயீமியர் பகைவரென அறியப்பட்டுக் கொல்லப்பட்டனர். தம் உச்சரிப்பில் என்ன பிழை என்பதை அவர்களுக்கு எவரும் விளக்கவில்லை. ஒரு மென்பொருளுக்கு இப்பெயரைச் சூட்டியவர்கள் அடையாளச் சரிபார்ப்பு என்ற பொருளை மட்டுமே எண்ணியிருப்பர். ஆயினும், துறைமுகத்தில் நின்றவரின் பக்கத்திலிருந்து படித்தால் அக்கதை வேறாகவே ஒலிக்கிறது.

கூட்டமைப்பு முறையில் முதற்படி, நீண்ட பட்டியலில் தம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது. பட்டியலில் இருப்பது அதிகாரபூர்வப் பெயர். பேச்சுவழக்கில் ‘எச்.சி.யூ.’ என்று வழங்குவது ஏட்டில் ‘யூனிவர்சிட்டி ஆஃப் ஹைதராபாத்’. முன்பு ‘சீஃபெல்’ என்று வழங்கிய நிறுவனம் இன்று ‘இஃப்லு’. வழக்குப்பெயரைத் தட்டெழுதித் தேடும் முதலாண்டு மாணவர் தம் பல்கலைக்கழகம் இத்திட்டத்தில் இல்லை என்று கருதித் திரும்பிவிடக்கூடும். ‘பட்டியலில் எந்தப் பெயரில் தேட வேண்டும்’ என்ற ஒரு வரி வழிகாட்டித் தாளில் இருந்தால் இது நேராது. அத்தகைய வரிகளே பெரும்பாலும் விடுபடுகின்றன; எழுதுபவருக்கு அவை சொல்லத் தேவையற்றவையாகத் தோன்றுவதே காரணம்.

5. எடுரோம்: விருந்தினரின் இக்கட்டு

வளாக வைஃபையின் வரலாற்றில் எடுரோம் தனியிடம் பெறுகிறது. நெதர்லாந்தின் சர்ஃப்நெட் அமைப்பைச் சேர்ந்த கிளாஸ் வியரங்கா 2002இல் முன்வைத்த கருத்து இது: ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கைக் கொண்டு எந்தப் பல்கலைக்கழகத்தின் வைஃபையிலும் இணையலாம். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது இயங்குகிறது. இந்தியாவில் எர்நெட் அதனை நடத்துகிறது.

சென்னையில் பயிலும் ஆய்வாளர் ஒருவர் கருத்தரங்குக்காக ஹைதராபாத் வருகிறார் எனக் கொள்வோம். இவ்வளாகத்தின் ரேடியஸ் வழங்கி அவருடைய பயனர் பெயரில் @ குறிக்குப் பின்னுள்ள பகுதியைப் பார்த்து, தனக்குரியதன்று எனக் கண்டு, தேசிய வழங்கிக்கு அனுப்பும். அது சென்னையிலுள்ள வீட்டு வழங்கிக்கு அனுப்பும். கடவுச்சொல் மறையாக்கப்பட்ட சுரங்கத்தின் வழியே செல்வதால் இடையிலுள்ள எவரும் அதைக் காண இயலாது. அழகிய வடிவமைப்பு, 2015இன் ஆர்.எஃப்.சி. 7593 இதனை விரிவாக விளக்குகிறது.

ஆனால் சென்னையில் அவருக்குத் தரப்பட்ட தாளில் பயனர் பெயராக அவருடைய பதிவெண் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால்? சொந்த வளாகத்தில் அது இயங்கக்கூடும். வீட்டு வழங்கி மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். வெளியூரில் @ குறியும் அதன் பின்னுள்ள பகுதியும் இல்லாத பெயரை எங்கு அனுப்புவதென்று எந்த வழங்கிக்கும் தெரியாது. மூன்றாண்டுகளாகப் பிழையின்றி இணைந்த கணக்கு, அது எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்தப் பயணத்தின் முதல் நாளிலேயே தோற்கிறது.

அப்போது உதவிக்கு யாரை அணுகுவது? எடுரோமின் நடைமுறைப்படி பயனருக்கு உதவும் முதற்பொறுப்பு வீட்டு நிறுவனத்தினுடையது. விருந்தளிக்கும் வளாகத்தினர் ‘உங்கள் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள்’ என்பர். அது விதிப்படி சரியான விடை. கேட்பதற்கு வேண்டிய இணையமோ கையில் இல்லை. தொலைபேசி எண் ஒன்றைத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பது இந்த இக்கட்டின் மிக மலிவான தீர்வு.

6. ‘சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்’

வழிகாட்டித் தாள்களின் வரலாற்றில் மிகவும் கவலைக்குரிய அத்தியாயம் சான்றிதழைப் பற்றியது. வைஃபையில் கைபேசி தன்னை வழங்கிக்கு நிறுவுவதற்கு முன், வழங்கி தன்னைக் கைபேசிக்கு நிறுவ வேண்டும். அதற்கே வழங்கியின் சான்றிதழ். அதைச் சரிபார்க்காமல் இணைந்தால், அதே பெயரில் போலி வைஃபை ஒன்றை எவரும் அருகில் இயக்கி, மாணவரின் கடவுச்சொல்லைக் கைப்பற்ற முயலலாம். அக்கடவுச்சொல்லே மின்னஞ்சலுக்கும் தேர்வு முடிவுக்கும் உரியதாக இருக்கும் இடங்களில் இழப்பு வைஃபையுடன் நிற்காது.

சான்றிதழைச் சரியாக அமைப்பது கடினம். அமைக்காமல் விடுவது எளிது. எனவே உலகெங்கும் எண்ணற்ற வளாகங்களின் தாள்கள் ‘சான்றிதழ்: சரிபார்க்க வேண்டாம்’ என்றே பல்லாண்டுகள் எழுதின. ‘அநாமதேய அடையாளம்’, ‘இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு’ போன்ற பெட்டிகளுக்கு எதிரே, பொருள் விளக்கமின்றி, நிரப்ப வேண்டிய சொற்கள் மட்டும் இருந்தன. மாணவர்கள் கீழ்ப்படிந்தனர், இணையம் கிடைத்தது. பாதுகாப்பற்ற முறையே இயல்பான முறையெனப் பயிற்றப்பட்டனர்.

2020 டிசம்பரில் கூகுள் பிக்சல் கைபேசிகளுக்கு வந்த ஆண்ட்ராய்டு 11 புதுப்பிப்பில் அத்தேர்வு நீக்கப்பட்டது. பிற கைபேசிகளும் காலப்போக்கில் அவ்வழிச் சென்றன. பாதுகாப்பு நோக்கில் இது சரியான முடிவு. ஆனால் பழைய தாள்கள் அப்படியே இருந்தன. இல்லாத ஒரு தேர்வைத் திரையில் தேடி, கிடைக்காமல், தம் கைபேசியே பழுதென எண்ணியோர் பலர். நிறுவனந்தோறும் சரியான அமைப்பைத் தானே நிறுவித் தரும் எடுரோமின் அமைப்பு உதவிக் கருவி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. கருவி இல்லாமை குறையன்று. அதனை அமர்த்தித் தாளைப் புதுப்பிப்பது எவருடைய பணி என்று வரையறுக்கப்படாமையே குறை.

7. பொதுப்பணமும் தனிக்கதவும்

இன்று இச்சிக்கல் முன்னினும் கனமாகிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதலளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள், 1.8 கோடி அளவிலான பயனர்கள். முன்பு பெரிதும் பெரிய நிறுவனங்களுக்கே எட்டிய பல இதழ்கள் மாவட்ட அரசுக் கல்லூரிகளுக்கும் திறக்கின்றன. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைய வேண்டுமாயின், நிறுவனம் கூட்டமைப்பில் இணைந்து, பொறுப்பாளர் ஒருவர் பயனர்களைப் பதிவுசெய்து பேண வேண்டும். பெரிய வளாகத்தில் அதற்கொரு கணினி மையம் உண்டு. சிறிய கல்லூரியில் நூலகரே எல்லாமும். சில இடங்களில் நூலகர் பணியிடமே நிரப்பப்படாதிருக்கும். சந்தா நாட்டுக்கு ஒன்றாக இருக்கலாம். கதவு ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே.

கல்விக்கு வெளியே நோக்கினால் இதன் கடுமை மேலும் விளங்கும். ஆதாரும் ஒரு வலையமைப்பு அடையாளச் சரிபார்ப்புச் சேவையே. அதன் தொழில்நுட்ப ஆவணம் தோல்விகளுக்குக் குறியீட்டெண்கள் தருகிறது. விரல்ரேகை பொருந்தவில்லையெனில் 300. காரணம் இயந்திரத்துக்குத் தெரியும். நியாயவிலைக் கடையில் நிற்கும் முதியவருக்கு அது ‘விழவில்லை, நாளை வாருங்கள்’ என்பதாக வந்து சேர்கிறது. சரிபார்ப்பு தோற்றதால் மட்டுமே உரியவருக்குப் பயன் மறுக்கப்படலாகாது என்ற கவலை, 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆதார் தீர்ப்பில் விரிவாக விவாதிக்கப்பட்டது. ஆய்வாளரின் இழப்பை அரிசியின் இழப்போடு ஒப்பிட இயலாது. ஆனால் அமைப்பு ஒன்றே: காரணம் ஓரிடத்தில், பாதிப்பு வேறிடத்தில், இரண்டையும் இணைக்கும் மொழி எங்குமில்லை.

8. வரலாற்றாசிரியருக்கு ஒரு வேண்டுகோள்

நல்ல வழிகாட்டித் தாள் எவ்வாறிருக்கும் என்பதில் மறைபொருள் ஏதுமில்லை. அதில் தேதி இருக்கும். எந்தக் கைபேசி இயங்குதளத்துக்கு எழுதப்பட்டது என்பது இருக்கும். @ குறியுடன் முழுப் பயனர் பெயரின் மாதிரி இருக்கும். வழங்கியின் பெயர் இருக்கும். கடிகாரத்தைச் சரிபார்க்கச் சொல்லும். இணையமின்றியே அழைக்கத்தக்க எண் இருக்கும். தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் ஆகியவை அருகருகே ஒலிக்கும் இந்நகரில் அது ஆங்கிலத்தில் மட்டும் இராது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இணைந்தால் என்ன செய்வது’ என்பதைக் காட்டிலும் ‘இணையாவிட்டால் ஏன்’ என்பதற்கு மிகுதியான இடம் தரும்.

அத்தாள்கள் வரலாற்றுச் சான்றுகளும் ஆகும். நெறிமுறைகள் எண்ணிடப்பட்டு என்றென்றும் கிடைக்கின்றன. அமைச்சரவை முடிவுகள் ஆவணமாகின்றன. ஒரு நிறுவனம் தன் மாணவரை எவ்வாறு எண்ணியது, எவ்வளவு தெரியுமென்று கருதியது, பிழை நேர்ந்தால் யார்மேல் சுமத்தியது என்பனவற்றைச் சொல்லும் தாள்களோ, புதிய பதிப்பு வந்தவுடன் அழிக்கப்படுகின்றன. விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது, சேர்க்கை நாளில் கையில் தந்தது, நூலக வாயிலில் தொங்கியது என எதுவாயினும், எறிவதற்குமுன் ஒரு படமெடுத்து, தேதியும் வளாகமும் குறித்து வையுங்கள். இந்திய உயர்கல்வி இணையத்துக்குள் நுழைந்த வரலாற்றை எழுதப்போகும் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு, வழங்கிகளின் பதிவேடுகளைவிட அவையே மிகுதியாகப் பயன்படும்.